இரவல் டிவி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் நலம். அங்கே நீ, உன் மனைவி, கல்யாணப்பெண்ணாக நிற்கும் உன் மகள் மூவரும் நலம் என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன். போனில் கேட்டால் 'மீட்டிங்ல இருக்கேன்க்கா, அப்புறம் கூப்பிடறேன்' என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வருவதற்குள் எனக்குச் சொல்ல வந்ததே மறந்துபோகிறது. கடிதம் என்றால் உன் மேஜை மேல் சும்மா கிடக்கும். மீட்டிங் முடிந்து படி.

முதலில் சந்தோஷமான செய்தி. உன் அக்கா டிவியில் வரப்போகிறாள். சிரிக்காதே.

எங்கள் சலவை ஆலை மூடியது உனக்குத் தெரியும். ஹோட்டல், ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளையெல்லாம் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்புகிற இடம். முதலாளி அதை இன்னொரு கம்பெனிக்கு விற்றார். அந்தக் கம்பெனி இயந்திரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனது, எங்களை மட்டும் ஏற்றிக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு உதவித்தொகை வாங்கிக்கொண்டிருக்கிறேன். உன் அத்தான் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் முதுகைக் கொடுத்துவிட்டு அதற்கும் முன்பே வீட்டோடு வந்துவிட்டார்.

அந்த அலுவலக வரிசையில்தான் ஒரு பெண் வந்து பேசினாள். டிவிக்காரி. பெரிய கண்ணாடி போட்டிருந்ததால் நான் அவளுக்குக் கண்ணாடிக்காரி என்று பெயர் வைத்துவிட்டேன். ஆலை மூடிய பிறகு வேலை செய்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று படம் எடுக்கிறார்களாம். 'உங்க கஷ்டம் நாலு பேருக்குத் தெரியணும்மா' என்றாள். நம் கஷ்டத்தை இதுவரை யாரும் கேட்டதில்லையே என்று நானும் சரி என்றேன்.

சில நாள் என் பின்னாலேயே வந்தார்கள். நான் வரிசையில் நிற்பது, மூடிக் கிடக்கும் ஆலைக் கதவு, ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலைக்கு நேர்முகத்துக்குப் போனது எல்லாவற்றையும் எடுத்தார்கள். காமிராக்காரன் நெட்டைப் பையன், நல்ல வாயாடி. கடைசியாக ஒரு நாள், 'நாளைக்கு உங்க வீட்டுக்கு வர்றோம்' என்றாள் கண்ணாடிக்காரி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எங்கள் கூடத்தை நீ பார்த்ததில்லை. டிவி எப்போதோ கண்ணை மூடிவிட்டது. அது இருந்த மேஜை மேல் துணிக்கூடை உட்கார்ந்திருக்கிறது. சோபாவுக்குப் பஞ்சு வெளியே வந்துவிட்டது. சுவரில் ஈரம் இறங்கி ஒரு கறை. இந்த லட்சணத்தில் நாலு பேரை எப்படி வீட்டுக்குள் கூப்பிடுவது? மாடி வீட்டு நர்ஸம்மாவிடம் வாய் விட்டுப் புலம்பினேன், அவ்வளவுதான். அந்தக் கட்டடமே கிளம்பிவிட்டது. நர்ஸம்மா சோபாவுக்கு உறையும் தங்கக்கரை போட்ட கோப்பைகளும் கொண்டுவந்தாள். கறையை மறைக்கத் தன் வீட்டுக் கடிகாரத்தையே கழற்றி வந்து மாட்டினாள். கீழ்வீட்டு பஸ் டிரைவர் தன்னுடைய பெரிய டிவியைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறினார். உன் அத்தான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே 'வலப்பக்கம் தூக்கு, இடப்பக்கம் இறக்கு' என்று அதிகாரம் பண்ணினார். 'என் டிவிதான் டிவியில வரப்போவுது, நான் வரல பாருங்க' என்று டிரைவர் சிரித்தார். எதிர்வீட்டுத் தையல்காரி தன் நீலப் பட்டுப் புடவையை எடுத்துக் கொடுத்து, ரவிக்கையையும் என் அளவுக்குப் பிடித்துத் தந்தாள். கண்ணாடியில் பார்த்தேன். பரவாயில்லை, உன் அக்கா இன்னும் பார்க்கும்படியாகத்தான் இருக்கிறாள்.

படப்பிடிப்பும் நல்லபடியாக நடந்தது. 'சாதாரணமா எப்படி உட்காருவீங்களோ அப்படி உட்காருங்கம்மா' என்றாள். பட்டுப் புடவையில் நான் சாதாரணமாக எப்போது உட்கார்ந்தேன்? இருந்தாலும் உட்கார்ந்தேன். டிவியைப் போடச் சொன்னாள், போட்டேன். பகல் மாத்திரை போட்டதால் உன் அத்தான் சோபாவிலேயே அசந்துவிட்டார். எழுப்பப் போனேன். 'வேண்டாம்மா, பாவம், தூங்கட்டும்' என்றாள். பாவம் என்றாள், தம்பி. எவ்வளவு நல்ல மனசு பார்.

வெள்ளிக்கிழமை ஒளிபரப்பு. நீங்கள் மூவரும் தவறாமல் பாருங்கள். சம்பந்தி வீட்டாருக்கும் சொல்லிவிடு. கல்யாணத்துக்கு முன்பே பெண்ணின் அத்தையை டிவியில் பார்த்த பெருமை அவர்களுக்கும் இருக்கட்டும்.

என் மருமகளுக்கு ஆசீர்வாதம்.

அன்புடன்,
அக்கா


தம்பி,

வெள்ளிக்கிழமை போய் அடுத்த வெள்ளியும் போய்விட்டது. உன்னிடமிருந்து போன் இல்லை. நான் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. மீட்டிங் இவ்வளவு நீளமாக நடக்கிறது என்றால் உன் ஆபீஸ் ரொம்பவும் முன்னேறிவிட்டது என்று அர்த்தம்.

நீ பார்த்துவிட்டாய் என்று தெரியும். ஆனாலும் நான் பார்த்ததை நான் சொல்ல வேண்டும்.

படம் வரும்வரை டிவி இங்கேயே இருக்கட்டும் என்று டிரைவர் சொல்லிவிட்டார். அதனால் கட்டடத்தில் இருக்கிறவர்கள் எல்லோரும் எங்கள் கூடத்தில் கூடி, அந்த இரவல் டிவியிலேயே பார்த்தோம். நர்ஸம்மா ட்யூட்டியை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். நான் அவளுடைய கோப்பைகளிலேயே எல்லோருக்கும் டீ கொடுத்தேன். படத்தின் பெயர் திரையில் வந்தது. 'ஓசிச் சோறு.'

வேறு ஏதோ படம், நம்முடையது அடுத்தது என்றுகூட நான் நினைத்தேன். அதற்குள் என் முகம் வந்துவிட்டது.

கனத்த குரலில் ஒருவர் பேசிக்கொண்டே போனார். காமிரா டிவி மேல் ஊர்ந்து போனது, கோப்பையின் தங்கக்கரையில் நின்றது, புடவைக் கரையைத் தடவியது. 'அரசாங்கப் பணத்தில் ஒரு வரவேற்பறை' என்றது குரல். பிறகு சோபாவில் உன் அத்தான். 'பகல் பன்னிரண்டு மணி. இவருக்கு இன்னும் விடியவில்லை.' மாத்திரை டப்பா தலைமாட்டில்தான் இருந்தது, தம்பி. அதைப் பார்க்க மட்டும் அந்தக் காமிராவுக்குக் கண் தெரியவில்லை. வரிசை, ஆலைக் கதவு, ஹோட்டல் நேர்முகம் எதுவும் படத்தில் இல்லை.

கடைசியில் கண்ணாடிக்காரியின் குரல், 'ஏன் வேலைக்குப் போகல?' என்று கேட்கிறது. நான் விழுந்து விழுந்து சிரிக்கிறேன். அந்தக் கேள்வியை அவள் என்னிடம் அப்படிக் கேட்கவே இல்லை. நெட்டைப் பையன் தன் மாமியாரைப் பற்றி ஒரு கதை சொன்னான், அதற்குச் சிரித்த சிரிப்பு அது. என் சிரிப்பை வெட்டி எடுத்து, வேறொரு கேள்விக்குப் பதிலாக ஒட்டியிருக்கிறார்கள். துணியில் ஒட்டுப்போட்டால்கூடத் தையல் தெரியும். இதில் தெரியவில்லை.

டிரைவர் எழுந்து நின்று, டிவியைப் பார்த்து, 'டேய், அது என் டிவிடா, என் சம்பளத்துல வாங்கினதுடா' என்று கத்தினார். அவர் டிவிக்கு முன்னால் நின்றே அவர் டிவியைத் திட்டினார். அழுகையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தச் சிரிப்பைப் படம் எடுக்க யாரும் இல்லை.

அதன் பிறகு நடந்ததைக் கேள். பஸ்ஸில் ஒரு அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, 'எங்க வரிப்பணம் பட்டா மின்னுது' என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். நான் அன்று கட்டியிருந்தது சாயம்போன பருத்திப் புடவை. எழுந்துபோய் அவள் முன்னால் நின்று, முந்தானையை விரித்துக் காட்டி, 'எது மின்னுதுன்னு காட்டுங்க' என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஹோட்டலில் இரண்டாவது நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மேனேஜர் என்னைப் பார்த்ததும் 'நீங்க அந்த டிவில வந்தவங்கதானே' என்றார். 'ஆமாம், நானேதான். வேலை கொடுத்தீங்கன்னா அடுத்த படத்துல வரமாட்டேன்' என்றேன். கொடுக்கவில்லை.

அதெல்லாம் போகட்டும். உன் அத்தானைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. இப்போது பகலில் படுப்பதே இல்லை. மாத்திரை போட்டுக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறார். கண் சொருகும், தலை விழும், உடனே திடுக்கிட்டு நிமிர்கிறார். ஜன்னல் திரையையும் எப்போதும் இழுத்து மூடி வைக்கிறார். வாழ்க்கை முழுக்க அடுத்தவர்களை மாடிக்கு ஏற்றி இறக்கிய மனுஷன், பகலில் படுக்கப் பயந்துகொண்டிருக்கிறார்.

நேற்று எனக்குப் பொறுக்கவில்லை. அவரைப் பிடித்து சோபாவில் படுக்க வைத்தேன். தலையணை வைத்தேன். பிறகு திரையை இரண்டு பக்கமும் தள்ளி, ஜன்னலையும் திறந்துவிட்டேன். எதிர்க் கட்டடத்திலிருந்து நன்றாகத் தெரியும். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். வலிக்கிற முதுகு படுத்தால்தான் ஆறும்.

நீ போன் செய்ய வேண்டாம். இரண்டு வரி எழுது.

அக்கா


அன்புள்ள தம்பிக்கு,

நீ எழுதவில்லை. உன் மனைவி போன் செய்தாள். அவளைக் குறை சொல்லவில்லை, உன் வேலையை அவள் செய்தாள். 'அண்ணி, கல்யாணத்துக்கு உங்களுக்கு எதுக்கு அலைச்சல்? அண்ணனுக்கும் முதுகு முடியல. நாங்களே கல்யாணம் முடிஞ்சதும் ஜோடியை அங்க கூட்டிட்டு வர்றோம்' என்றாள். எனக்கு என்ன அலைச்சல், ஒரு ராத்திரி ரயில்தானே என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, 'சம்பந்தி வீட்ல எல்லாரும் டிவி நிறைய பார்ப்பாங்க அண்ணி' என்றாள். பார்க்கச் சொன்னதே நான்தானே, எனக்கு வேண்டியதுதான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து இன்னொன்றும் சொன்னாள். உன் ஆபீஸில் யாரோ அந்தப் படத்தைப் பற்றிப் பேசி, 'இவங்க உங்க ஊர்ப் பக்கத்து ஆளா?' என்று உன்னைக் கேட்டார்களாம். 'யாரோ, எனக்குத் தெரியாது' என்றாயாம். 'நல்லவேளை அண்ணி, உங்க ரெண்டு பேருக்கும் முகஜாடை இல்ல' என்றாள்.

முகஜாடை இல்லையா? அப்பாவின் மூக்கை அச்சில் வார்த்தாற்போல நம் இருவர் முகத்திலும் வைத்திருக்கிறது. நீ மீசையை வளர்த்துக் கொஞ்சம் மறைத்திருக்கிறாய், அவ்வளவுதான்.

போனை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. உன் அத்தானிடம் சொல்லவில்லை. ஆனால் அழுது முடித்ததும் கோபம் வந்தது, கோபம் வந்ததும் தெளிவும் வந்தது.

உன் முதல் நேர்முகத்துக்கு எந்த ஷூவைப் போட்டுக்கொண்டு போனாய்? உன் அத்தானுடையதை. உன் காலுக்குப் பெரிது என்று முனையில் பழந்துணி அடைத்துக் கொடுத்தேன். சட்டை அடுத்த வீட்டு வாத்தியாருடையது. உன் மாமனார் சம்பந்தம் பேச வந்தபோது நம் வீட்டில் போட்டிருந்த நாற்காலிகள் எத்தனை வீட்டு நாற்காலிகள் என்று உனக்கு நினைவிருக்கிறதா? திருப்பிக் கொடுக்கும்போது எது யாருடையது என்று தெரியாமல் தெரு முழுக்க அலைந்தோமே. அன்று யாரும் காமிராவோடு வரவில்லை. வந்திருந்தால் உன்னையும்தான் காட்டியிருப்பார்கள், ஓசி ஷூவில் ஒரு மாப்பிள்ளை என்று.

இதைச் சொல்லிக்காட்டுவதற்காக எழுதவில்லை. அதில் தப்பே இல்லை என்று சொல்வதற்காக எழுதுகிறேன். வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் வீட்டை ஒழுங்கு பண்ணுவோம். இல்லாததை அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்குவோம். வந்தவருக்கு நல்ல கோப்பையில் டீ கொடுப்போம். பஞ்சு பிதுங்கிய சோபாவை அப்படியே காட்டியிருந்தால் பாவம் பார்த்திருப்பார்களோ என்று நர்ஸம்மா கேட்டாள். மாட்டார்கள். 'குப்பையில் வாழ்கிறார்கள், கூட்டிப் பெருக்கக்கூடச் சோம்பல்' என்று அந்தக் குரல் சொல்லியிருக்கும். அவர்கள் படத்துக்குப் பெயரை முதலில் வைத்துவிட்டுத்தான் காமிராவை எடுத்துவந்தார்கள். நாளைக்கு மறுபடி வந்தாலும் நான் அப்படித்தான் செய்வேன். டீ மட்டும் கொடுக்கமாட்டேன்.

இதற்கு நடுவில் உதவித்தொகை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி விசாரணைக்கு வந்தார். படத்தைப் பார்த்துவிட்டு யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். கூடத்தில் துணிக்கூடை பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தது. 'டிவி எங்கம்மா?' என்றார். எப்படிச் சேதி போனதோ தெரியவில்லை, நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஆட்கள். டிரைவர் டிவி வாங்கிய ரசீதோடு வந்து, 'சார், கீழ வாங்க, நம்ம டிவியப் பாருங்க, இஷ்டப்பட்டா மேட்ச்சும் பாருங்க' என்றார். நர்ஸம்மா கோப்பைகளைத் தட்டில் வைத்துக்கொண்டு நின்றாள். கடிகாரம் மாட்டியிருந்த இடத்தில் ஆணியும் ஈரக்கறையும் மட்டும் இருந்தன. அதிகாரி அந்தக் கறையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். போகும்போது 'நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன்மா' என்றார். உதவித்தொகை நிற்கவில்லை.

கண்ணாடிக்காரியும் கூப்பிட்டாள். அந்தப் படத்துக்கு ஏகப்பட்ட வரவேற்பாம். ஒரு விவாத நிகழ்ச்சி வைக்கிறார்களாம், வந்து 'உங்க பக்கத்து நியாயத்தைச் சொல்லுங்கம்மா' என்றாள். பட்ட இடத்திலேயே படுவதற்கு இவளே கார் அனுப்புகிறாளாம். 'அதே நீலப் புடவையில வந்தீங்கன்னா மக்களுக்கு ஈஸியா அடையாளம் தெரியும்' என்றாள். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். நான் எதற்குச் சிரித்தேன் என்று முழுசாகப் போடு, நெட்டைப் பையனின் மாமியார் கதையோடு போடு, பிறகு வருகிறேன் என்றேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். அவள் மேலிடமும் உன்னைப் போல மீட்டிங்கில் இருக்கிறது போலிருக்கிறது.

அவள் புடவை என்றதும்தான் அதை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை என்று நினைவு வந்தது. புடவையைத் துவைத்து, சலவை ஆலையில் மடிக்கிற மாதிரி மடித்துத் தையல்காரியிடம் கொண்டுபோனேன். அவள் வாங்கவில்லை. 'இத இனிமே நான் கட்டினா, உங்க புடவையக் கட்டியிருக்கேன்னு சொல்வாங்க. நீங்களே வச்சுக்கோங்க, தலை நிமிர்ந்து கட்டுங்க' என்றாள். படத்தில் அரசாங்கப் பணத்தில் வாங்கியதாகச் சொன்னார்களே, அந்தப் புடவை இப்போதுதான் என்னுடையதாகியிருக்கிறது.

தம்பி, நான் கல்யாணத்துக்கு வருகிறேன். உன் அத்தானும் வருகிறார். ரயிலில் படுத்துக்கொண்டே வருவார், அது ராத்திரி என்பதால் யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். அந்த நீலப் புடவையைத்தான் கட்டிக்கொண்டு வருவேன், கண்ணாடிக்காரி சொன்னபடி எல்லோருக்கும் அடையாளம் தெரியட்டும். பின் வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்காரமாட்டேன். பெண்ணுக்கு அத்தை உட்காருகிற இடம் எதுவோ அங்கே உட்காருவேன். நீ தூக்கி வைத்துக்கொள்ளப் பயந்த குழந்தையை ஆஸ்பத்திரியில் முதலில் வாங்கிக்கொண்ட கை இது. அவள் தலையில் இந்தக் கையை வைக்காமல் அவளை அனுப்ப என்னால் முடியாது.

சம்பந்தி வீட்டார் என்னைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு ஒருவருக்கொருவர் குசுகுசுப்பார்கள். கண்டிப்பாக யாராவது உன்னிடம் வந்து, 'இவங்க டிவியில வந்தவங்கதானே, யார் இவங்க?' என்று கேட்பார்கள். டிவி யாருடையது, கோப்பை யாருடையது, நான் எதற்குச் சிரித்தேன் என்று நீ ஒன்றும் விளக்க வேண்டாம். எனக்காக யாரிடமும் சண்டை போட வேண்டாம். அதற்கெல்லாம் எனக்கு வாய் இருக்கிறது.

ஆனால் யார் என்ற கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்லமாட்டேன். அது நீ சொல்ல வேண்டியது. நான் முன் வரிசையில் உட்கார்ந்து உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் மருமகள் நூறாண்டு மனம் நிறைந்து வாழட்டும். போகிற வீட்டில் அவளுக்கு எந்தக் குறையும் வரக்கூடாது. வந்தால், கூடப்பிறந்தவர்களைப் போலக் கதவைத் தட்டிக்கொண்டு ஓடிவருகிற அக்கம்பக்கம் அவளுக்கும் அமையட்டும். உனக்கும் என் ஆசீர்வாதம் உண்டு, கேட்காவிட்டாலும் உண்டு.

இப்படிக்கு,
உனக்குத் தெரிந்த
உன் அக்கா